ஒரே அச்சில் நாற்பது பட்டாம்பூச்சிகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைச் செயல்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் ஸ்டேஷனரி கடைக்காரருக்கும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சுலபமாக இருக்க வேண்டும். ஒரு பீரியடுக்குள் முடிய வேண்டும். முடிந்ததும் சுவரில் மாட்டும்படி அழகாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவந்தால் பிள்ளைக்குக் குதூகலம் தானே வந்துவிடும் என்று நம்பப்படுகிறது. காகிதத் தட்டுப் பட்டாம்பூச்சி, ஐஸ் குச்சி வீடு, பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, ஜிகினா தூவிய நட்சத்திரம் எல்லாம் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. ஆசிரியர் ஒரு மாதிரியைச் செய்து காட்டுகிறார்; வெட்டி வைத்த காகிதங்களைப் பிரித்துக் கொடுக்கிறார்; பிள்ளைகள் ஒட்டுகிறார்கள். மணி அடிக்கும்போது வகுப்பில் நாற்பது பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. பின்புறம் எழுதிய பெயரைப் பார்க்காமல் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

இந்த ஏற்பாடு கலையைக் கற்பிப்பதில்லை. ஏன் என்பதை அறிய ஒரே ஒரு சோதனை போதும்: அந்தப் பட்டாம்பூச்சியில் எந்தெந்த முடிவுகளை யார் எடுத்தார்கள் என்று கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். பட்டாம்பூச்சி என்று தீர்மானித்தவர் ஆசிரியர். அதன் அளவு, சிறகின் வடிவம், காகிதத்தின் நிறம், புள்ளிகள் ஒட்ட வேண்டிய இடம், வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் தருணம், எல்லாம் ஆசிரியர் எடுத்த முடிவுகள். பிள்ளைக்கு மிஞ்சியது கோந்து தடவுவது. கோந்து தடவுவதும் கோட்டின்மேல் கத்தரிப்பதும் விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். மூன்று, நான்கு வயதில் அந்தப் பயிற்சி தேவையும்கூட. ஆனால் அதை விரல் பயிற்சி என்றே நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதை எப்படிச் செய்யலாம் என்று யோசித்து, தேர்ந்து, தவறிப்போனதை வேறு விதமாகத் திருத்துகிற வேலை நடக்காத இடத்தில் கலை வகுப்பு நடந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

மாதிரியைப் பார்த்துச் செய்வதே குழந்தைகளின் இயல்பு என்று பலர் கருதுகிறார்கள். வகுப்பறையில் அது நிலைபெற்றதற்குக் குழந்தை இயல்பு காரணமில்லை. அதற்குத் தனி வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டன் தன் தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்பை உயர்த்த விரும்பியது. 1852இல் ஹென்றி கோல் தலைமையில் அமைந்த அரசுத் துறை, பின்னர் லண்டனின் சவுத் கென்சிங்டனை மையமாகக் கொண்டு, 23 நிலைகள் கொண்ட ஓவியப் பாடத்திட்டம் ஒன்றை நாடெங்கும் பரப்பியது. அதன் தொடக்க நிலைகளில் மாணவர் கருவிகளால் கோடு போட்டார். அச்சிட்ட தட்டை வடிவங்களைப் பார்த்து அப்படியே வெளிக்கோடு வரைந்தார். தொழிற்கூடத்துக்குத் துல்லியமான கை வேண்டும் என்பதே நோக்கம். காலனிகளின் கலைப் பள்ளிகளும் அந்த முறையின் நிழலில் வளர்ந்தன. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளி சில ஆண்டுகளில் அரசின் கைக்கு வந்து தொழிற்கலைப் பள்ளியாயிற்று. தமிழ்நாட்டில் ஓவிய ஆசிரியராக விரும்புவோர் எழுதிவந்த லோயர், ஹையர் தேர்வுகளில் வெளிக்கோட்டு வரைவும் மாதிரிப் பொருள் வரைவும் பெற்ற இடம் அந்தக் காலத்தின் மிச்சம். துணி ஆலைக்கும் பீங்கான் ஆலைக்கும் வரைவாளர்களை உருவாக்க வகுத்த முறை, ஏழு வயதுப் பிள்ளையின் மேசைமீது பட்டாம்பூச்சியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தேவை எப்போதோ தீர்ந்துவிட்டது. முறை மட்டும் நிற்கிறது.

மாதிரி இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது என்பது இந்தப் பட்டாம்பூச்சி வகுப்பைத் தாங்கும் நம்பிக்கையின் முதல் தூண். நூறாண்டுக் காலத்துக்கும் மேலாகக் குழந்தை ஓவியத்தைக் கவனித்தவர்கள் கண்டது இதற்கு நேர்மாறானது. வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் சிறுவர்களுக்கென்று ஓர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். நகல் எடுப்பதை அங்கே அனுமதிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வேலைகள் 1920களில் இங்கிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஆசிரியர்கள் திகைத்தனர். பிரெஞ்சு ஆய்வாளர் ழோர்ஜ் ஆன்ரி லூக்கே 1927இல் வெளியிட்ட நூலில், குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று காட்டினார். பேருந்தின் பக்கவாட்டுத் தகடு மறைத்தாலும் உள்ளே இருக்கும் பாட்டியின் கால்களைக் குழந்தை வரைவது அதனால்தான். அமெரிக்காவில் ரோடா கெலாக் பத்து லட்சத்தை ஒட்டிய குழந்தை ஓவியங்களைத் திரட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காத கிறுக்கல்களிலேயே 20 அடிப்படை வகைகள் இருப்பதைப் பட்டியலிட்டார். கிறுக்கலில் வட்டம் பிறக்கிறது. வட்டத்துக்குள் கண் முளைக்கிறது. வட்டத்திலிருந்தே நேராகக் கால்கள் இறங்குகின்றன. தலையும் காலும் மட்டுமான அந்த மனிதனை உலகின் பல மூலைகளிலும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். மாதிரி கொடுத்தால்தான் தோன்றும் என்று சொல்பவர்கள் இந்தக் கண்டுபிடிப்பைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்கள்.

திருத்தியதன் விளைவு தமிழ்நாட்டின் எந்த வகுப்பறையிலும் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னால் பெரும்பாலும் ஒரே படம் வருகிறது: இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் கொக்கிபோல் பறவைகள். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத தஞ்சை டெல்டாவில் வளரும் பிள்ளையும் இதையே வரைகிறது. அறுத்த வயலில் மேயும் வாத்துக்கூட்டத்தையும் வாய்க்கால் மதகையும் தினமும் பார்க்கும் கண்கள், தாளைப் பார்த்ததும் அவற்றை மறந்து யாரோ கற்றுக்கொடுத்த மலையைத் தேடுகின்றன. கற்பனை வறண்டதால் வந்த படம் இல்லை இது. ஓவியம் என்றால் இதுதான் என்று பிள்ளை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது, புரியவைத்தவர்கள் பெரியவர்கள்.

செய்து காட்டுவது குழந்தையின் தேடலைக் குறுக்குகிறது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. எலிசபெத் பொனாவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளுக்கு ஒரு பொம்மை கொடுக்கப்பட்டது. அதில் கீச்சிடும் குழாய், விளக்கு, இசை, கண்ணாடி என நான்கு மர்மங்கள் ஒளிந்திருந்தன. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு, பொம்மை இப்படித்தான் வேலை செய்யும் என்று குழாயை மட்டும் பெரியவர் செய்து காட்டினார். அவர்கள் அந்தக் குழாயையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள். விளக்கையும் கண்ணாடியையும் தேடிப்போனவர்கள் குறைவு. பாடம்போலச் சொல்லித்தராமல் விடப்பட்ட குழந்தைகள் அதிக நேரம் விளையாடி அதிகம் கண்டறிந்தார்கள். குழந்தைகள் பெரியவர்களை நம்புகிறார்கள். அவர்கள் காட்டியதற்கு மேல் இதில் ஒன்றும் இருக்காது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கரும்பலகையில் ஒட்டிய மாதிரிப் பட்டாம்பூச்சியும் இதைத்தான் சொல்கிறது.

இந்த இடத்தில் எழும் கனமான ஆட்சேபம் மரபிலிருந்து வருகிறது. சிற்பிகளும் ஓவியர்களும் தலைமுறை தலைமுறையாகக் குருவின் வேலையைப் பார்த்துச் செய்துதானே கற்றார்கள் என்று கேட்கப்படுகிறது. கற்றார்கள். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் மாணவர் பல ஆண்டுகள், நாள் முழுவதும், ஆசானின் கண்பார்வையில் வேலை செய்கிறார். அவர் முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாளமானத்தை உள்வாங்குகிறார். ஒரு சிலையின் நகலோடு அவர் கல்வி முடிந்துவிடுவதில்லை. அதாவது அவர் கைக்கு வருவது ஒரு விதி. அந்த விதியைக் கொண்டு அவர் தன் ஆசான் செய்யாத சிலையையும் செய்ய முடியும். நாற்பது நிமிடத்தில் ஒட்டி முடித்த பட்டாம்பூச்சியிலிருந்து எந்த விதியும் பிள்ளையின் கைக்கு வருவதில்லை. அடுத்த வாரம் மீன் செய்ய மறுபடியும் ஒரு மாதிரி வேண்டும்.

விதிக்கும் மாதிரிக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் முழு விவாதமும் நிற்கிறது. இதை விளக்க வாசலில் இருக்கும் கோலமே போதும். சிக்குக் கோலத்தின் விதிகள் கண்டிப்பானவை: புள்ளிகளை முதலில் வைக்க வேண்டும், கோடு புள்ளிகளைச் சுற்றி வளைய வேண்டும், எந்தப் புள்ளியும் வெளியே விடுபடக் கூடாது, கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் உருவாகக்கூடிய வடிவங்களுக்கு எல்லையில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக ஆராய்ந்து எழுதினார்கள். அவ்வளவு ஆழம் அதில் உண்டு. ஒரு வகுப்பில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துக் கொடுத்து, விதிகளை மட்டும் சொல்லி, ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளையும் புதிதாக ஒன்று போடச் சொன்னால் நாற்பது விதமான கோலங்கள் வரும். புத்தகத்துக் கோலத்தைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்து வரையச் சொன்னால் ஒன்றுதான் வரும். இரண்டுக்கும் ஆகும் செலவு சுண்ணக்கட்டி மட்டுமே.

சுலபமாக இருந்தால்தான் குதூகலம் என்பது இரண்டாவது தூண். விளையாடும் பிள்ளைகளை ஒரு மாலை நேரம் கவனித்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். காகிதக் கப்பல் செய்யத் தெரிந்ததும் பிள்ளை கத்திக் கப்பல் செய்யக் கேட்கிறது, அது கடினமானது என்பதாலேயே. பூவரசு இலைப் பீப்பி ஊதும் வரை பத்து இலைகள் கிழிகின்றன, யாரும் அழுவதில்லை. நுங்கு வண்டியின் அச்சு கழன்றால் மறுபடியும் குச்சியைச் சீவுகிறார்கள். தானே தேர்ந்தெடுத்த கடினம் பிள்ளைக்குச் சுமையாகத் தெரிவதில்லை. வகுப்பில் சலிப்பு வருவது வேலை கடினமானதால் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால். ஒட்டி முடித்ததும் எது வரப்போகிறது என்பதைக் கரும்பலகை ஏற்கெனவே சொல்லிவிட்டது. களிமண் உருண்டையோடு உட்காரும் பிள்ளைக்கு அது தெரியாது. யானை செய்யத் தொடங்கித் தும்பிக்கை உடைந்து பன்றியாகி, பன்றிக்குக் குட்டிகளும் பிறந்து, பீரியட் முடிந்ததைக் கவனிக்காமல் இருப்பது அந்தப் பிள்ளைதான்.

அழகான முடிவு வேண்டும், அதைக் காட்சிக்கு வைக்க வேண்டும், சிறந்ததற்குப் பரிசு கொடுத்தால் மற்றவர்களும் முனைவார்கள் என்பது மூன்றாவது தூண். இதை அசைத்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு குழுவிடம், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் பின்னால் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் மறுபடியும் பேனாக்களை வைத்து, யார் விரும்பி எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் தம் ஓய்வு நேரத்தில் ஏறக்குறைய 9 விழுக்காட்டை வரைவதில் செலவிட்டார்கள்; மற்ற இரு குழுக்களும் 17, 18 விழுக்காடு. பரிசை எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் குறைந்திருந்தது. தெரேசா அமபில் 1982இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது: காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்த 7 முதல் 11 வயதுச் சிறுமிகளில், பரிசுக்குப் போட்டியிட்டவர்களின் படைப்புகளில் புதுமை குறைவு என்று நடுவர்கள் மதிப்பிட்டனர். ஆசையே இல்லாத வேலைக்குப் பரிசு ஒரு தூண்டுதலாகலாம். ஏற்கெனவே ஆசையோடு செய்யும் வேலைக்குப் பரிசு வைத்தால் ஆசை பரிசின் பக்கம் திரும்பிவிடுகிறது. நான்கு வயதில் வரையப் பிடிக்காத குழந்தை அரிது. இருக்கும் ஆசையைக் காப்பாற்றினாலே பள்ளி பெரிய தொண்டு செய்ததாகும்.

அழகான முடிவின் மீதுள்ள பிடிவாதம் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. நாளைக் காலை புராஜெக்ட் கொண்டுவர வேண்டும் என்ற குறிப்போடு பிள்ளை வருகிறது. இரவு பத்து மணிக்குத் தாயோ தந்தையோ தெர்மகோலில் எரிமலை அறுக்கிறார், பிள்ளை தூங்கிவிட்டது. பள்ளிக்கும் இது தெரியும், பெற்றோருக்கும் தெரியும், எல்லோரும் மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள். அலங்காரத்துக்கான தெர்மகோலுக்கு இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. அது மக்காது; உதிர்ந்த மணிகளைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது. அறிவியல் வகுப்பில் நெகிழி ஒழிப்பைப் படிக்கும் பிள்ளை, கலை வகுப்புக்கு அதே நெகிழியைக் கைநிறைய ஏந்தி வருவதை எந்தப் பள்ளியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இவற்றையெல்லாம் மறுத்தால் மாற்று என்ன என்ற கேள்வி நியாயமானது. எளிமை வேண்டும், அது பொருள்களில் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் வேலை மட்டும் பிள்ளையிடமே விடப்பட வேண்டும். இந்த அளவுகோலுக்குப் பொருந்தும் செயல்பாடுகளில் மிகச் சிறந்தது மண்ணிலிருந்து வண்ணம் எடுப்பது. செம்மண்ணை உடைத்து நீரில் கரைத்தால் மணல் சீக்கிரம் அடியில் தங்குகிறது. கலங்கிய மேல்நீரை இன்னொரு பாத்திரத்தில் வடித்து வைத்தால் மறுநாள் அடியில் மாவுபோல் நைசான மண் படிந்திருக்கும். அதைக் காய வைத்து, ஊறவைத்த கருவேலம் பிசினோடு குழைத்தால் வண்ணம் தயார். பிசின் சேர்க்காமல் பூசினால் காய்ந்ததும் தூளாக உதிர்கிறது. எவ்வளவு பிசின் என்பதைச் சொல்லித்தரத் தேவையில்லை. உதிர்வதையும் விரிசல் விடுவதையும் பார்த்துப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். மஞ்சள் காவி மண்ணை இரும்புச் சட்டியில் ஆசிரியர் வறுத்துக் காட்டினால் அது கண்ணெதிரே சிவக்கும். மண்ணிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழப்பதால் வரும் மாற்றம் அது. கரி கருப்பைத் தரும். சுண்ணாம்பு வெள்ளை தரும் என்றாலும் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் சின்ன வகுப்புகளில் அதற்குப் பதில் சுண்ணக்கட்டித் தூள் போதும். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியில் வரைந்த வரலாற்றுக்கு முந்தைய மனித உருவங்கள் இன்றும் தெரிகின்றன. அந்த ஊருக்கு அருகே படிக்கும் பிள்ளைக்கு, தன் காலடி மண்ணும் அந்தப் பாறை ஓவியமும் ஒரே பொருளால் ஆனவை என்று தெரிய வேண்டாமா?

இந்த வழி புதியதும் இல்லை. சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை ஆசிரியராக இருந்தார். கைக்கெட்டிய எளிய பொருள்களைக் கொண்டு கிராமத்துப் பிள்ளைகளோடு அவர் செய்த வேலையின் அனுபவத்தில் பிறந்த நூல், கலையைக் கல்வியின் அடித்தளமாகவே வைத்துப் பேசுகிறது. தீப்பெட்டிக் குச்சியையும் சைக்கிள் வால்வு குழாயையும் கொண்டு கணித வடிவங்களைப் பிள்ளைகளின் கைக்குக் கொடுத்த அரவிந்த் குப்தாவின் பொம்மைகளும் இதே குலத்தைச் சேர்ந்தவை.

காய்கறி அச்சு எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். செய்யும் விதத்தில்தான் பழுது. வெண்டைக்காயை வெட்டித் தொட்டு, வரைந்து கொடுத்த பூவின் இதழ்களுக்குள் அழுத்தச் சொல்வது மறுபடியும் பட்டாம்பூச்சிதான். அதற்குப் பதில் வெண்டைக்காய், வாழை மட்டை, பாகற்காய், வெங்காயம் என்று நான்கைந்தை வைத்து, குறுக்கே வெட்டினால் என்ன, நெடுக்கே வெட்டினால் என்ன என்று முதலில் ஊகிக்கச் சொல்லலாம். வாழை மட்டையின் கண்ணறைகள் வலைபோல் பதிவதைக் கண்டதும் பிள்ளைகள் மீன் வலை, தேன்கூடு, சன்னல் என்று தாமே பெயர் வைக்கத் தொடங்குவார்கள். அடுத்தடுத்து வைப்பதா, ஒன்றன்மேல் ஒன்றா, திருப்பி வைப்பதா என்ற தேர்வுகளில் வடிவமைப்பின் முதல் பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்து, ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறும் மறுபக்கம் சோப்பு நீரும் தடவினால் ஒன்று சிவக்கும், மற்றது பச்சைக்குப் போகும். எட்டாம் வகுப்பின் அமில காரப் பாடத்தை மூன்றாம் வகுப்புக் கை முன்கூட்டியே தொட்டுவிடும். பழைய செய்தித்தாளை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்த கூழால் பாட்டிகள் கூடை செய்தார்கள், முறம் மெழுகினார்கள். அதே கூழில் முகமூடியும் விலங்கும் செய்யலாம். மெழுகுவத்தியால் கண்ணுக்குத் தெரியாத படம் வரைந்து மேலே நீர்வண்ணம் பூசுவதும், இலையையும் நாணயத்தையும் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்பதும் எல்லோரும் அறிந்தவை.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் இதெல்லாம் நடக்குமா என்பது களத்திலிருந்து வரும் ஆட்சேபம். எல்லாவற்றிலும் மதிக்கத்தக்கது இதுவே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்குமாக 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வேலை வாரத்தில் மூன்று அரைநாள். தொடக்கப் பள்ளிகளில் அந்த ஏற்பாடுகூடக் கிடையாது. இந்த நிலையில் ஆசிரியர் வெட்டிய காகிதத்தையும் கோந்தையும் தேர்ந்தெடுப்பதை யாரும் குறை சொல்லக் கூடாது. குறை அவரை அங்கே தனியாக நிறுத்திய அமைப்பின்மீது. ஆனாலும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். நாற்பது பட்டாம்பூச்சிகளை வெட்டித் தயார் செய்ய ஆசிரியருக்கு முந்தைய மாலை முழுவதும் போகிறது. நான்கு வாளி மண்ணுக்கு அது தேவையில்லை. எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் ஒரு குழு வண்ணத்தோடும் மற்றவை கரி, களிமண், காகிதத்தோடும் இருக்கும்படி சுழற்றினால் தூரிகை எட்டு போதும். வேலை ஒரே பீரியடில் முடிய வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டால் அவசரமும் குறையும். பாதியில் நின்ற படம் அடுத்த வாரம் தொடரலாம். அந்த ஏழு நாளில் பிள்ளை அதைப் பற்றி யோசிப்பதும் கலைக் கல்வியின் பகுதிதான்.

எதிர்ப்பக்கத்து மிகையும் மறுக்கப்பட வேண்டும். மாதிரி கூடாது என்றால் ஒன்றும் சொல்லித்தராமல் தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் விடைத்தாள் திருத்தப் போகலாம் என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். சிசெக் அப்படிச் செய்யவில்லை. தலைப்புக் கொடுத்தார், லினோ வெட்டுவதையும் காகிதம் வெட்டுவதையும் கற்பித்தார், பிள்ளைகளோடு பேசினார். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூலில் குழந்தையின் ஓவிய வளர்ச்சியைக் கட்டங்களாகப் பிரித்தார். அவற்றில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான கட்டம் ஆபத்தானது. அந்த வயதில் பிள்ளை தன் படத்தைத் தானே விமர்சிக்கத் தொடங்குகிறது; நாற்காலி நாற்காலிபோல் இல்லை, கை மொட்டையாக இருக்கிறது என்று தாளைக் கசக்குகிறது. எனக்கு வரைய வராது என்ற வாக்கியம் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில் பிறந்து சாகும்வரை உடன் வருகிறது. அப்போது தேவைப்படுவது சுதந்திரம் மட்டுமில்லை, உத்தி. தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பென்சிலை நீட்டிப் பிடித்து எப்படி அளப்பது என்பதை அந்த வயதில் ஒருவர் கற்றுத்தர வேண்டும். விரிந்த உள்ளங்கையையும் செருப்பையும் தண்ணீர்க் குடத்தையும் உற்றுப் பார்த்து வரைவது அந்தக் கட்டத்துக்கான எளிய செயல்பாடு. பொருளைப் பார்த்து வரைவதும் மற்றொருவர் வரைந்ததைப் பார்த்து வரைவதும் ஒன்றில்லை: முன்னதில் எந்தக் கோட்டைப் போடுவது என்ற முடிவு பிள்ளையுடையது, பின்னதில் அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த உதவி கிடைக்காத வயதில்தான் மலையும் சூரியனும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன.

கலையை மற்றப் பாடங்களோடு இணைக்க வேண்டும் என்ற கொள்கையும் சுலபமாகத் திரிந்துபோகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, கலையைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலை ஒருங்கிணைந்த கற்றலை வலியுறுத்துகிறது. நடைமுறையில் இணைப்பு என்பது சார்ட் அட்டையில் ஒளிச்சேர்க்கைப் படம் ஒட்டுவதாகவும், திருக்குறளைச் சுற்றி ஜிகினாக் கரை கட்டுவதாகவும் சுருங்கிவிட்டது. அங்கே கலை மற்றப் பாடத்தின் ஒப்பனை வேலையைப் பார்க்கிறது. மண் வண்ணம் எடுக்கும்போது வேதியியல் உள்ளிருந்தே வருகிறது. கோலம் போடும்போது கணிதம் அழைக்காமலே வருகிறது. இணைப்பு உண்மையானதா என்பதைப் பார்க்க, அந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் பாடம் அப்படியே நிற்கிறதா என்று கேட்டாலே போதும்.

கடைசியாக, வரையத் தெரியாத ஆசிரியர் கலை வகுப்பை எப்படி நடத்துவார் என்ற தயக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் இதைச் சொல்லியே மாதிரித் தாள்களின் பக்கம் சாய்கிறார்கள். இந்த வேலைக்கு அழகாக வரையும் கை முதன்மைத் தேவை இல்லை. தேர்ந்த கை கொண்ட ஆசிரியர் பிள்ளையின் தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டால் அந்தத் தாள் அதன்பின் அவருடையதாகிவிடும். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியவை பொருள்களின் குணங்கள்: எந்த மண் ஒட்டும், எந்தக் களிமண் காய்ந்தால் வெடிக்கும், கூழில் எவ்வளவு நீர் இருக்கலாம், எந்தத் தாள் ஈரத்தைத் தாங்கும். பிள்ளையிடம் பேசவும் தெரிய வேண்டும். அழகாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்வதைவிட, இங்கே ஏன் இவ்வளவு பெரிய வாசல் வைத்தாய், இந்தப் பக்கம் யாரும் இல்லையே என்று கேட்பது பிள்ளையை மறுபடி தாளுக்கு அனுப்பும். மதிப்பெண் கட்டாயம் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வைத்து, படத்தின் பின்னால் தேதி எழுதிச் சேர்த்துவந்து, ஜூனில் வரைந்ததையும் மார்ச்சில் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்; பக்கத்துப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட வேண்டிய தேவையே எழாது. காட்சிக்கு வைப்பதானால் தேர்ந்தெடுக்காமல் எல்லாப் படங்களையும் வைக்க வேண்டும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெரியவர்களின் கண்ணுயரத்தில் மாட்டும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகளின் கண்ணுயரத்துக்கு, தரையிலிருந்து மூன்றரை அடியில், கயிறு கட்டித் துணி கிளிப்பால் தொங்கவிடலாம்.